பத்து ரூபாய் ஸ்டாம்ப் – 14: மூடி திறந்த தண்ணீர் பாட்டில்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் திங்கட்கிழமை காலையில் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினால், அன்று அவர் தறி சும்மா கிடக்கும். கோர்வைச் சேலை பாவில் இருந்தால் நட்டம் இன்னும் கூடும். உடம்புக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடுகிற நெசவு அது. கூட உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒருவர் எழுந்து போனால் இரண்டு பேர் கூலி போகும். ஓய்வூதியமோ வீட்டுமனைப் பட்டாவோ, மனு எதுவானாலும் அதற்கு முதலில் செலவாவது இந்தக் கூலிதான்.

ஆபீஸ் வாசலில் ஒரு மேசை. மஞ்சள் பையை அதன் மேல் வைக்கச் சொல்கிறார்கள். மடித்த மனு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே வருகின்றன. காவலர் பாட்டிலின் மூடியைத் திருகி, வாயருகே மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கிறார். தண்ணீர்தான் என்று தெரிந்ததும் திருப்பித் தருகிறார். மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும் நாளில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இதே காட்சிதான்.

இதற்கு ஒரு தேதி உண்டு. 2017 அக்டோபர் 23, அதுவும் திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாளாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். நால்வரும் இறந்தார்கள். அதற்கு முன் பல முறை மனு கொடுத்திருந்த குடும்பம் அது. அதன் பிறகு வாசல்களில் சோதனை கடுமையானது. கேன் இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். உயிரைக் காக்கிற சோதனை என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் வாசலில் பையைத் திறந்து காட்டுகிறவருக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். இந்தச் சோதனைக்கு எழுத்தில் உத்தரவு இருக்கிறதா? பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறதா? யாரை உள்ளே விடக்கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரம் யாருக்கு? மேலே இருக்கிற கேமரா வேலை செய்கிறதா, பதிவு எத்தனை நாள் இருக்கும்? இத்தனைக்கும் காகிதம் உண்டு. காகிதம் இருந்தால் கேட்கலாம்.

இந்தியாவில் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. 1997இல் வந்த அந்தச் சட்டத்தில் விலக்குகள் மிக அதிகம். 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம்தான் சாதாரண ஆளின் கைக்கு எட்டியது. வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். எதற்காகக் கேட்கிறாய் என்று அலுவலகம் கேட்க முடியாது. 6(2) பிரிவு அதைத் தடுக்கிறது. வாசலில் நிற்பது போலீஸ், கட்டடம் வருவாய்த் துறையுடையது என்பதால் மனு எங்கே போக வேண்டும் என்ற குழப்பம் வரும். தவறான இடத்துக்குப் போனாலும், ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது 6(3) பிரிவின்படி வாங்கியவரின் கடமை.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் 'பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது' என்று ஒற்றை வரியில் பதில் வரக்கூடும். சட்டத்தில் அப்படி ஒரு பொத்தாம்பொதுவான விலக்கு இல்லை. 8(1)(ஏ) பிரிவு நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, போர்த்தந்திர நலன் போன்றவற்றைப் பேசுகிறது. 8(1)(ஜி) ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரக்கூடிய தகவலைப் பேசுகிறது. எந்தப் பிரிவு, ஏன் பொருந்துகிறது, யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று மறுப்பில் எழுதியாக வேண்டும். மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறது 10ஆம் பிரிவு.

மறைக்க வேண்டியவை உண்மையிலேயே உண்டு. எந்த நேரத்தில் காவலர் மாறுகிறார், எந்த மூலை கேமராவில் விழாது, கலெக்டரின் கார் எந்த வழியாக வருகிறது என்பதையெல்லாம் யாருக்கும் தரக்கூடாது, கேட்கவும் கூடாது. 2023 டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்த இருவர் புகைக்குப்பிகளைக் காலணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார்கள். சோதனையின் ஓட்டை தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. அதே சம்பவம் இன்னொன்றையும் காட்டியது: பார்வையாளர் அனுமதிச் சீட்டுக்கு யார் பரிந்துரைத்தார், யார் பொறுப்பு என்பதை நாடே கேட்டது. அது தேவையான கேள்வி.  மக்களவைச் செயலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது.

ஆகவே மனுவின் வார்த்தைகள்தான் முக்கியம். 'ஏன் என் பையைச் சோதித்தீர்கள்?' என்று எழுதினால் பதில் வராது. அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்கலாம், இல்லாத ஒன்றை உருவாக்கித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'நுழைவாயிலில் பொதுமக்களின் உடைமைகளைச் சோதனையிடப் பிறப்பித்த உத்தரவு அல்லது சுற்றறிக்கையின் நகல்' என்று எழுதினால் அது ஆவணம். 'கண்காணிப்புக் கேமரா பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், பழுது நீக்கிய தேதிகள் பதிவான பக்கங்கள்' என்றால் அதுவும் ஆவணம். வருகைப் பதிவேட்டைக் கேட்கும்போது பிறர் பெயரும் போன் நம்பரும் வேண்டாம், நாள்வாரி எண்ணிக்கை போதும் என்று சேர்த்துவிடுவது நல்லது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தை மிகவும் இறுக்கியிருக்கிறது.

கேமராப் பதிவில் இன்னொரு சிக்கல், காலம். தகவல் அலுவலருக்குச் சட்டம் தருவது 30 நாள். பல அலுவலகங்களில் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏற அதற்கும் குறைவான நாளே ஆகும். முறையாகப் பதில் வரும்போது காட்சி இருக்காது. சம்பவம் நடந்த அன்றே தேதி, நேரம், எந்த வாசல் என்று குறிப்பிட்டு, 'அழியாமல் பாதுகாக்கவும்' என்று தனிக் கடிதம் கொடுத்துக் கையெழுத்தோடு நகல் வாங்கிவிட வேண்டும். தகவல் மனு அதன் பிறகு.

பதிவு அழிந்துபோவதன் விலை என்ன என்று சாத்தான்குளம் காட்டிவிட்டது. 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குப் பிறகு இறந்தார்கள். காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், கேமராப் பதிவைச் சேமிக்கப் போதுமான ஹார்டு டிஸ்க் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு, எல்லாக் காவல் நிலையங்களிலும் உள்ளே வருகிற, வெளியே போகிற வாசல்கள் எல்லாம் கேமராவில் விழ வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், வேலை செய்யாத கேமராக்கள் பற்றி அதே நீதிமன்றம் தானாக முன்வந்து மறுபடி வழக்கெடுக்க வேண்டி வந்தது. அந்த 18 மாத உத்தரவு காவல் நிலையங்களுக்கு. கலெக்டர் அலுவலகக் கேமரா எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறது என்பதை அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருநெல்வேலிக்குத் திரும்பினால், உண்மையில் கேட்டாக வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது. வாசலில் மண்ணெண்ணெய் கேன் பிடிபட்டால் அது போலீஸ் குறிப்பில் ஏறும். அதைக் கொண்டுவந்தவர் கொடுத்த மனு வேறொரு அலுவலகத்தில், வேறொரு பதிவேட்டில் இருக்கும். கேன் பிடிபட்ட தேதிகளைப் போலீஸ் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். அதே தேதிகளில் பதிவான மனுக்களின் எண், பொருள், எந்தத் துறைக்குப் போயின, எந்தத் தேதியில் முடிந்தன என்ற விவரத்தைப் பெயர்களை நீக்கிவிட்டு கலெக்டர் அலுவலகத்தில் கேட்கலாம். ஒரே கோரிக்கை எத்தனை முறை அந்த வாசலுக்கு வந்தது என்று தேடிப் பார்க்க அப்போதுதான் ஒரு வழி கிடைக்கும். கேனைப் பிடித்ததோடு வேலை முடிந்ததா, அதற்குப் பிறகாவது யாராவது அந்த மனுவைப் படித்தார்களா என்பதும் அதில் வரும்.

நகல் எடுக்கக் காசு இல்லாவிட்டால், பதிவேட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போனால் தேதியையும் மனு எண்ணையும் குறித்துக்கொண்டு வந்துவிடலாம். வாசலில் அவற்றையும் மேசை மேல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். காட்டிவிட்டு உள்ளே போகலாம்.

(தொடரும்)