முதலாளியைப் போல யோசிக்கச் சொல்கிறார்களா? பங்கை எழுத்தில் கேளுங்கள்

ஷுஜி நகமுரா, ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள நிச்சியா நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பெரிய நிறுவனங்கள் பல முயன்றும் வசப்படாத நீல நிற எல்.இ.டி.யைப் பளிச்சென்று எரிய வைத்து 1993-ல் உலகத்துக்குக் காட்டினார். நடுவில் அந்த ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டது. அவர் நிறுத்தவில்லை. இன்று நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்புக்கு அடிப்படை அந்த நீல ஒளிதான். அதன் முக்கியமான காப்புரிமைக்காக நிறுவனம் அவருக்குக் கொடுத்த வெகுமதி 20,000 யென். 1999-ல் வேலையை விட்ட அவர், 2001-ல் வழக்குப் போட்டார். 2004-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டின்போது, 2005-ல், சுமார் 84 கோடி யென்னுக்கு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. 2014-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. அதை நிறுவிய நோபுவோ ஒகாவா, பலன் தெரியாத ஓர் ஆராய்ச்சியில் கோடிக்கணக்கான யென்னை நம்பிப் போட்டவர். தோற்றிருந்தால் அந்த நட்டம் நகமுராவின் சம்பளத்தில் விழுந்திருக்காது. ஆகவே பலன் முழுவதும் ஊழியருக்கே சேர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

நகமுரா நீதிமன்றப் படி ஏற முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஊழியரின் கண்டுபிடிப்பை நிறுவனம் எடுத்துக்கொண்டால் அவருக்கு உரிய பலன் தர வேண்டும் என்று ஜப்பானியக் காப்புரிமைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. ஜெர்மனியில் இதற்கென்றே 1957 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் யூனிலீவர் ஊழியராக இருந்த பேராசிரியர் இயன் ஷாங்க்ஸ், 1982-ல் தான் உருவாக்கிய சர்க்கரை அளவுச் சோதனைக் கருவிக்காக நெடுங்காலம் போராடினார். 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு 20 லட்சம் பவுண்டு தரச் சொன்னது. அங்கேயும் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது.

இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. ஊழியரின் கண்டுபிடிப்புக்கு நிறுவனம் இவ்வளவு தர வேண்டும் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. இங்கே எல்லாம் ஒப்பந்தம்தான். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும், கோவையிலும், ஓசூரிலும் இன்று நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களிடம் "ஓனர்ஷிப் எடுத்துக்கோங்க", "இந்த பிராடக்டுக்கு நீங்கதான் மினி சிஇஓ" என்று சொல்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொந்தமாக யோசிக்கும் ஊழியர் இல்லாமல் எந்த நிறுவனமும் வளராது. அப்படி யோசிக்கக் கிடைக்கும் வாய்ப்பு ஊழியருக்கும் பெரிய வரம். ஆனால் வாரத்துக்கு உழுபவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு, கூலிக்கு உழுபவருக்கு அன்றன்றைய கூலி உண்டு. வாரக்காரரின் கவலையையும் கூலிக்காரரின் வரும்படியையும் ஒரே ஆளின் தலையில் வைப்பது அநியாயம்.

யோசனை யாருடையது என்பதிலிருந்து தொடங்குவோம். வெறும் யோசனையைச் சட்டம் காப்பாற்றாது. "இப்படி ஒரு செயலி செய்யலாம்" என்று மீட்டிங்கில் நீங்கள் சொன்னதற்குக் காப்புரிமையும் இல்லை, பதிப்புரிமையும் இல்லை. வியாபார முறைக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. நீங்கள் எழுதிய நிரல், வரைந்த வடிவமைப்பு, தயாரித்த பயிற்சிக் கையேடு ஆகியவை பதிப்புரிமைக்குள் வரும். ஆனால் வேலையின் பகுதியாக அவற்றைச் செய்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நிறுவனமே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. படைத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையோ 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே தங்கும்.

காப்புரிமையில் நிலைமை வேறு. அங்கே முதல் உரிமை உண்மையாகக் கண்டுபிடித்தவருக்குத்தான். அவர் எழுதிக் கொடுத்தால்தான் அது நிறுவனத்துக்குப் போகும். பெரும்பாலானவர்கள் அதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் பின்பக்கங்களில், பொடி எழுத்தில் அந்தப் பத்தி இருக்கும். சில ஆர்டர்களில் "வேலை நேரத்திலோ வெளியிலோ, நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ளதோ இல்லாததோ" என்றுகூட எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில், உங்கள் சொந்தக் கணினியில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் நீங்கள் செய்ததையும் அந்த வரி வளைத்துப் போடுகிறது. கையெழுத்துப் போடுமுன் அதை "வேலையின் பகுதியாக, நிறுவனத்தின் வளங்களைக் கொண்டு செய்தவை" என்று சுருக்கச் சொல்லிக் கேளுங்கள். சேருமுன்பே நீங்கள் உருவாக்கியவற்றின் பட்டியலை இணைக்கச் சொல்லுங்கள். எச்.ஆர். மறுக்கலாம். ஆனால் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் நிறுவனம், பின்னாளில் உங்களை எப்படி நடத்தும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

உரிமை நிறுவனத்துக்குப் போனாலும் உங்கள் பெயர் போகக் கூடாது. கண்டுபிடித்தவர் என்று காப்புரிமை ஆவணத்தில் பெயர் வரும் உரிமையைக் காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தருகிறது. மேலாளரின் பெயர் மட்டும் போய் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால், காப்புரிமை வழங்கப்படும் முன் படிவம் 8-ல் விண்ணப்பிக்க வேண்டும். பெயரால் பணம் வராது. ஆனால் அடுத்த வேலைக்கு, மேற்படிப்புக்கு, உங்கள் தொழிலின் வரலாற்றுக்கு அதுதான் சாட்சி.

ஒப்பந்தம் தடுக்காத, முழுக்க உங்களுடையதான கண்டுபிடிப்பு என்றால், ஹேக்கத்தானிலோ சமூக வலைத்தளத்திலோ அதைக் காட்டுமுன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் அவகாசம் உண்டு. சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. முன்பே பகிரங்கமாகிவிட்டதைப் புதியது என்று சொல்லிக் காப்புரிமை வாங்குவது மிகவும் கடினம்.

அடுத்து, நேரம். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் தன் தொழில்நுட்ப ஊழியர்களைச் சம்பள நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிட விடுகிறது. ஸ்பென்சர் சில்வர் 1968-ல் கண்டறிந்த, சரியாக ஒட்டாத பசைக்கு ஆர்ட் ஃப்ரை பயன் கண்டுபிடித்ததும், 1980-ல் அது மஞ்சள் ஒட்டுத்தாளாகக் கடைக்கு வந்ததும் அப்படிப்பட்ட சூழலில்தான். நம் ஊரிலோ "புதுமை" என்றால் பெரும்பாலும் சனி, ஞாயிறு ஹேக்கத்தான், இரவு பத்து மணி அழைப்பு. வீட்டில் கைக்குழந்தையோ வயதான மாமியாரோ உள்ள பெண் அதில் எப்படிக் கலந்துகொள்வார்? ஓய்வு நேரத்தை விட்டுக் கொடுக்க முடிந்தவருக்கு மட்டுமே தொழில்முனைவு மனம் இருப்பதாக அப்ரைசல் முடிவு செய்தால், அது திறமையை அளக்கவில்லை. புதிய திட்டம் உங்கள் டார்கெட்டில் எழுதப்பட்டிருக்கிறதா, அதற்கு வேலை நேரத்தில் எத்தனை மணி ஒதுக்கப்பட்டிருக்கிறது, திட்டம் தோற்றால் அப்ரைசலில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தொடக்கத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

பதவிப் பெயரில் உள்ள ஆபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளி ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்று சொல்லும் 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நிர்வாகப் பதவியினரை விலக்கி வைக்கிறது. "மேனேஜர்", "ஹெட்", "மினி சிஇஓ" என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, வேலை போகும் நாளில் "நீங்கள் தொழிலாளியே அல்ல" என்று வாதிட இது வழி திறக்கிறது. பட்டத்தைப் பார்க்காமல், உண்மையில் அவர் பெரும்பாலும் செய்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் நிலைநாட்டிய விதி. லீவு அனுமதிக்கும் அதிகாரமோ, ஆள் எடுக்கும் அதிகாரமோ, செலவுக்குக் கையெழுத்திடும் அதிகாரமோ இல்லாதவர், "எனக்கு அந்த அதிகாரம் இல்லை" என்பதைக் காட்டும் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தனியாகப் போராட வேண்டியதும் இல்லை: ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

இனி, முதலாளி ஆக்கும் ஒரே வழியாகச் சொல்லப்படும் ஈசாப், அதாவது ஊழியர் பங்கு. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது, 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனதாக அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். மறுபக்கம் பைஜூஸ். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட அந்த நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. தன் நிறுவனத்தின் மதிப்பு பூஜ்யம் என்று அதன் நிறுவனரே சொன்னார். திவாலான நிறுவனத்தில் பங்குதாரருக்குக் கடைசியில்தான் ஏதாவது மிஞ்சும்.

"உனக்கு ஷேர் தர்றோம்" என்ற வாய்ச்சொல்லுக்கு எடை இல்லை. ஈசாப் தர, பங்குதாரர்களின் தீர்மானம் வேண்டும். வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் உரிமை கைக்கு வரும் என்பது 2014-ஆம் ஆண்டு நிறுவனச் சட்ட விதி. பங்கு வழங்கும் கிராண்ட் லெட்டரில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: என்ன விலைக்கு வாங்க வேண்டும், வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும், நீக்கப்பட்டால் என்ன ஆகும். பங்கை வாங்கும் நாளிலேயே, சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வருமான வரி விழும். விற்க வாங்குபவரே இல்லாத பங்குக்குக் கையிலிருந்து வரி கட்ட நேரலாம். அரசு அங்கீகரித்த குறிப்பிட்ட ஸ்டார்ட்அப்களில் மட்டும் இதைத் தள்ளிப்போட வழியுண்டு. சம்பளத்தைக் குறைத்து ஈசாப் தருகிறோம் என்றால், அந்தப் பங்கின் மதிப்பு பூஜ்யமானாலும் குடும்பம் ஓடுமா என்று கணக்குப் போட்ட பிறகே சம்மதியுங்கள்.

வேலையை விட்டுவிட்டு, அதே துறையில் சொந்தமாகத் தொடங்க நினைப்பவரைத் தடுக்கும் நிபந்தனைகள் வேறு. "இரண்டு ஆண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது" என்ற வரி, வேலை முடிந்த பிறகு செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதை வெற்றுக் காகிதமாக்குகிறது. வேலையில் இருக்கும்போது அது செல்லும் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-ல் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியது. பாண்டு என்பதும் வேறு விஷயம். மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே "பாண்டு எல்லாம் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

விலகும்போது நிறுவனத்தின் நிரலையோ வாடிக்கையாளர் பட்டியலையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது, நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வருகிறது. மூன்றாண்டுவரை சிறை உண்டு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, கிராண்ட் லெட்டர், அப்ரைசல் கடிதம் ஆகியவை உங்களுக்கு எழுதப்பட்டவை. அவற்றின் நகலை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள்.

பிரச்சினை வந்தால், 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள். பணிநீக்கம் என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சம்பள பாக்கிக்கு மேலாளர் பதவியில் இருப்பவரும் ஊதியச் சட்டத்தொகுப்பின் கீழ் கேட்கலாம்: விலகிய அல்லது நீக்கப்பட்ட இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கப்பட வேண்டும், கோர மூன்று ஆண்டு அவகாசம். வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தேசிய உதவி எண் 15100.