செத்த ராஜாவும் எழுந்து பாடிய மேடை
திருவிதாங்கூர் சங்கீத நாடகங்களும் ஏமாந்த ரசிகர்களும்

திருவனந்தபுரம்: நாடகம் பிடிக்கவில்லை என்றால் ரசிகன் என்ன செய்வான்? பாதியில் எழுந்து போவான்; விசில் அடிப்பான்; கொட்டகைக்கு வெளியே நின்று கொடுத்த காசுக்காகப் புலம்புவான். 1890களில் திருவிதாங்கூரில் ஒருவர் இவை எதையும் செய்யவில்லை. மோசமான நாடகங்களைக் கண்டு சலித்துப்போன அவர், அவற்றைக் கிண்டல் செய்து தாமே ஒரு நாடகம் எழுதினார். அவர் பெயர் முன்ஷி ராமக் குறுப்பு. நாடகத்தின் பெயர் 'சக்கீசங்கரம்'.

பெயரிலேயே கேலி இருந்தது. 'சக்கிக்கு ஏற்ற சங்கரன்' என்பது மலையாளப் பழமொழி. நம்மூரில் 'ஜாடிக்கேற்ற மூடி' என்போமே, அதே பொருள்தான். அந்த நாடகத்துக்கு அந்த ரசனை, அந்த ரசனைக்கு அந்த நாடகம் என்று இரு தரப்பையும் ஒரே கல்லில் அடித்திருக்கிறார் குறுப்பு. எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் நாடகாசிரியர்களாகப் புறப்பட்ட காலத்தை அது நையாண்டி செய்தது. வரிசையாக வந்துகொண்டிருந்த நாடக வெள்ளம் சற்றே வடிந்ததற்கு இந்த நையாண்டியும் ஒரு காரணம் என்று மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். தொழில்முறை விமரிசகர்கள் என்று ஓர் இனம் தோன்றாத காலத்தில், ரசிகனின் அதிருப்தி அச்சேறிய அரிய நிகழ்வு இது.

வெள்ளம் தொடங்கிய இடமும் திருவனந்தபுரம் அரண்மனை வட்டாரமே. கேரளவர்ம வலிய கோயித் தம்புரான் காளிதாசனின் 'அபிஞான சாகுந்தல'த்தை மலையாளத்தில் மொழிபெயர்த்து 1882ல் வெளியிட்டார். அதற்காகவே 'கேரள காளிதாசன்' என்று புகழப்பட்டார். வடமொழிச் சொற்கள் செறிந்த அந்த மொழிபெயர்ப்பு மேடையில் வெற்றி பெற்றதும், ஊருக்கு ஊர் சாகுந்தலங்கள் முளைத்தன. தம்புரானின் புலமை இல்லாதவர்களும் அவரது நடையை எடுத்துக்கொண்டார்கள். 'மலையாள மனோரமா'வை நிறுவிய கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை போன்ற பத்திரிகை ஆசிரியர்களும் நாடகம் எழுதிய காலம் அது. விமரிசனம் எழுத வேண்டியவரே நாடகமும் எழுதிக்கொண்டிருந்தால் குறை சொல்ல யார் இருப்பார்கள்?

தமிழகத்திலிருந்து வந்த பாட்டு:

இந்த நிலையில்தான் தமிழ் சங்கீத நாடகக் குழுக்கள் மலையாள நாட்டுக்குள் நுழைந்தன. பார்சி நாடகக் கம்பெனிகளிடம் கற்ற திரைச்சீலைகளும் பளபளப்பான உடைகளும் அவற்றிடம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, விடிய விடியப் பாட்டு இருந்தது. ராஜபார்ட் பாடிக்கொண்டே வருவார். ஸ்திரீபார்ட் பாடிக்கொண்டே அழுவார். பபூன் பாடிக்கொண்டே விழுவார். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நாகர்கோவிலும் செங்கோட்டையும் சேர்ந்திருந்தன. எனவே தமிழ் நாடகக்காரர்களுக்கு அது அயல்நாடு அல்ல. பின்னாளில் தமிழ் மேடையைக் கட்டி ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா 1906ல் பிறந்த செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் 1912ல் பிறந்தது திருவனந்தபுரத்தில். அவரது தந்தை கண்ணுசாமி பிள்ளையும் பெண் வேடங்களுக்குப் பெயர் பெற்ற நடிகர்.

தமிழ்ப் பாட்டைக் கேட்டுப் பழகிய மலையாள ரசிகர்கள், மலையாளத்திலும் அதைக் கேட்டார்கள். டி.சி. அச்சுத மேனன் 1892ல் எழுதிய 'சங்கீத நைஷதம்' முதல் மலையாள சங்கீத நாடகமாகக் கருதப்படுகிறது. அடுத்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பரவூரைச் சேர்ந்த கவிஞர் கே.சி. கேசவ பிள்ளை தமிழ்ச் 'சதாரம்' நாடகத்தைத் தழுவி 'சதாராம'வை எழுதினார். கேசவ பிள்ளை சங்கீதமும் சாகித்தியமும் ஒருங்கே அறிந்தவர். 'கேசவீயம்' என்னும் மகாகாவியத்தின் ஆசிரியர். அந்த நாடகம் கேரளம் முழுவதும் பல ஆண்டுகள் ஓடியது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது. கேசவ பிள்ளையைப் போல எழுதத் தெரியாதவர்களும் அவரது வெற்றியைப் போன்ற வெற்றியை விரும்பினார்கள். சாகுந்தலத்துக்கு நேர்ந்ததே சதாராமவுக்கும் நேர்ந்தது.

'ஒன்ஸ் மோர்':

அக்காலக் கொட்டகை ஓலைக் கூரையால் ஆனது. முன்னால் நாற்காலி, அடுத்து பெஞ்சு, கடைசியில் தரை. நாற்காலியில் வக்கீல்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் அமர்ந்தனர். மணலில் துண்டை விரித்து அமர்ந்தவர்களே எண்ணிக்கையில் அதிகம். அன்றைய வசூல் அவர்களால்தான் நிறைந்தது. ஒரு நாடகம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு இந்த இரண்டு கூட்டங்களும் இரண்டு பதில்களைக் கொண்டிருந்தன.

தரை டிக்கெட்டுக்காரர் தமது கருத்தை அங்கேயே, அப்போதே சொல்லிவிடுவார். பாட்டுப் பிடித்தால் 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவார். நடிகர் மறுபடி பாட வேண்டும். இரண்டாம் முறையும் பிடித்தால் மூன்றாம் முறை. கதை அங்கேயே நின்று காத்திருக்கும். போர்க்களத்தில் வெட்டுண்டு விழுந்த ராஜா, ரசிகர்களின் கூச்சலுக்குப் பணிந்து எழுந்து, மரண காலப் பாட்டை மறுபடி பாடிவிட்டு மறுபடி செத்தார் என்று ஒரு கதை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்றும் சொல்லப்படுகிறது. எந்த ஊரில், எந்த நாடகத்தில் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஓர் ஊரைச் சொல்வார்கள். ஒரே இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

நாற்காலிக்காரருக்கு இது சகிக்கவில்லை. அவருடைய குறைகள் வேறு. கதையில் தொடர்ச்சி இல்லை, உரையாடலுக்கு மதிப்பில்லை, மலையாள நாடகத்தின் நடுவே திடீரென்று தமிழ்க் கீர்த்தனை, புராண காலத்து ராணியின் பக்கத்தில் கோட்டு அணிந்த ஆர்மோனியக்காரர். நடிகருக்குக் குரல் இருந்தால் போதும், முகபாவம் தேவையில்லை என்ற நிலை. ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வரும்போது காதில் நாலு ராகம் மிஞ்சும், நெஞ்சில் ஒன்றும் மிஞ்சாது என்பதே அவர்களது வருத்தத்தின் சாரம். இந்தக் குறைகளில் பலவும் நியாயமானவை.

ஆனால் கம்பெனி முதலாளியின் கணக்கு வேறு. கொட்டகை வாடகை, நடிகர்களுக்குச் சாப்பாடு, அடுத்த ஊருக்குச் செல்ல வண்டிச் சத்தம் எல்லாம் அன்றைய டிக்கெட்டிலிருந்து வர வேண்டும். பாட்டைக் குறைத்தால் தரை காலியாகும். தரை காலியானால் கம்பெனி காலி. நாற்காலிக்காரரின் பாராட்டைக் கொண்டு ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக்கூட எண்ணெய் ஊற்ற முடியாது. எனவே குறை சொன்னவர்களின் கருத்து மேடைக்குப் போய்ச் சேரவே இல்லை.

சென்னையிலும் இதே கசப்பு இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் இளமையில் தமிழ் நாடகங்களை வெறுத்தவர். 1891ல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு நடத்திய தெலுங்கு நாடகத்தைப் பார்த்த பிறகே மனம் மாறி, அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கினார். தொழில்முறை நாடகத்தில் ஏமாந்தவர்கள் அமெச்சூர் சபை அமைத்துக்கொள்வது அன்றைய வழக்கமாயிற்று.

திருவனந்தபுரத்தில் அந்த வேலையைச் செய்தவர் 'மார்த்தாண்டவர்மா' நாவலாசிரியர் சி.வி. ராமன் பிள்ளை. 1909ல் அவர் எழுதிய 'குறுப்பில்லாக் களரி' என்ற பிரகசனத்தில் ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் ஆங்கில மோகமும் போலிப் பகட்டுமே கதை. ஆசான் இல்லாத களரி என்பது தலைப்பின் பொருள். நாற்காலியில் அமர்ந்து குறை சொன்னவர்கள் தங்களையே மேடையில் கண்டு சிரித்தார்கள். அவருக்குப் பின் ஈ.வி. கிருஷ்ண பிள்ளை, கைனிக்கர பத்மநாப பிள்ளை, 1942ல் 'பக்னபவன'த்துடன் இப்சன் பாணியைக் கொண்டுவந்த என். கிருஷ்ண பிள்ளை என்று அந்த வரிசை நீண்டது. அவர்களது நாடகங்களில் பேச்சு முன்னுக்கு வந்தது, பாட்டு பின்னுக்குப் போனது.

(இதே நகரில் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அது படிப்பதற்கான நாடகமாகவே புகழ்பெற்றது. மேடையேறாத நாடகத்துக்கு ஏமாந்த ரசிகர்கள் கிடையாது.)

குரல்களின் கடைசிக் காலம்:

சங்கீத நாடகம் உடனே செத்துவிடவில்லை. குமாரன் ஆசானின் 'கருணா' காவியத்தை ஆலப்புழையைச் சேர்ந்த சுவாமி பிரம்மவிரதன் சங்கீத நாடகமாக்கினார். செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர் உபகுப்தனாகவும், ஓச்சிற வேலுக்குட்டி வாசவதத்தையாகவும் நடித்தனர். வேலுக்குட்டி ஆண், ஆனால் அவரது பெண் வேடத்தின் அழகைப் பேசாதவர் அக்காலத்தில் இல்லை. சங்கீத நாடகம் என்றாலே முகம் சுளித்தவர்களும் 'கருணா'வுக்குப் போனார்கள். நல்ல காவியமும் நல்ல குரலும் சேர்ந்தால் அந்த வடிவத்தின் குறைகள் மறந்துபோகும் என்பதற்கு அது சான்று. கெட்டது பாட்டு மட்டுமல்ல, பாட்டைச் சாக்காக வைத்துக் கதையைக் கைவிட்ட கம்பெனிகள்தான் என்று அப்போதாவது யாராவது சொல்லியிருக்கலாம். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

1938ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படமாக வெளிவந்தது. அதிலும் பாட்டுக்குக் குறைவில்லை. சினிமா டிக்கெட்டின் விலையில் அதே பாட்டைக் கேட்க முடிந்தபோது, தரை டிக்கெட்டுக்காரர் கொட்டகையை விட்டுக் கொட்டகை மாறினார். நாற்காலிக்காரர் முன்பே போயிருந்தார். இப்போது மணலும் காலியானது.

1952ல் கே.பி.ஏ.சி. அரங்கேற்றிய தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' மறுபடி பாட்டைக் கொண்டுவந்தது. ஓ.என்.வி. குறுப்பு எழுதினார்; ஜி. தேவராஜன் இசையமைத்தார், கே.எஸ். ஜார்ஜும் சுலோசனாவும் பாடினர். அந்தப் பாட்டுகளை வயல்களிலும் பாடினார்கள். ஆனால் அங்கே பாட்டு கதைக்கு வேலைக்காரனாக வந்தது, எஜமானனாக அல்ல. பாகவதர்களுக்கு அந்த மேடையில் இடமில்லை.

லண்டனிலும் நியூயார்க்கிலும் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002ல் தொடங்கி லண்டனில் இரண்டு ஆண்டுகள் ஓடியது. அதையே மாற்றியமைத்து 2004ல் பிராட்வேயில் அரங்கேற்றியபோது 284 காட்சிகளோடு 2005 ஜனவரி முதல் நாள் மூடிவிட்டார்கள். அவர் பங்களித்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இசை நாடகம் 2006 மார்ச்சில் டொரண்டோவில் பெரும் செலவில் தொடங்கி, செப்டம்பரில் முடிந்தது. காட்சி பிரமாதம், கதை புரியவில்லை என்ற முணுமுணுப்பு அங்கும் எழுந்தது. ஓலைக் கொட்டகையில் கேட்ட முணுமுணுப்புக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே முதல் நாள் காட்சி முடிந்த சில மணி நேரத்தில் ரசிகனின் கருத்தும் விமரிசகனின் கருத்தும் தயாரிப்பாளரின் மேஜைக்கு வந்துவிடும். திருவிதாங்கூரில் அது வந்துசேர ஒரு தலைமுறை பிடித்தது.

திருவனந்தபுரத்தில் 1970களில் காவாலம் நாராயண பணிக்கர் தாளத்தையும் பாட்டையும் மறுபடி நாடகத்தின் நடுவில் வைத்தார். 'அவனவன் கடம்ப' திறந்தவெளியில், மரங்களுக்கிடையே நடந்தது. புரியவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள், பரவசப்பட்டவர்களும் இருந்தார்கள். பழைய நாற்காலி, தரைப் பிரிவினை அங்கே தலைகீழானது. இப்போது பாட்டை ரசித்தவர்கள் படித்தவர்கள். 2001ல் அவர் இயக்கிய 'கர்ணபாரம்' என்ற வடமொழி நாடகத்தில் நடிகர் மோகன்லால் புதுதில்லியில் மேடையேறியபோது, மொழி தெரியாதவர்களும் கடைசிவரை அமர்ந்திருந்தார்கள்.

பழைய பாகவதர்களில் பலரது குரல் மேடையோடு போயிற்று. ஒலிப்பதிவாக எஞ்சியது கொஞ்சமே. அவர்களில் ஒருவரான அகஸ்டின் ஜோசப் 1950ல் 'நல்லதங்காள்' கதையின் மலையாளப் படத்தில் நடித்தார். பின்னர் அவரது குடும்பத்தை வறுமை வாட்டியதை அவரது மகன் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த மகன்தான் கே.ஜே. யேசுதாஸ். 1961 நவம்பர் 14 அன்று 'கால்பாடுகள்' படத்துக்காக, எம்.பி. சீனிவாசன் இசையில் அவரது முதல் பாட்டு சென்னையில் பதிவானது.

தமிழ்நாட்டிலோ அந்த வடிவம் இன்னும் முழுதாக அழியவில்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் கோயில் திருவிழாக்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கிறது. ஒத்திகை இல்லாமல், அன்று மாலைதான் சந்தித்துக்கொண்ட நடிகர்கள் மேடையில் பாடிப் போட்டி போடுகிறார்கள். ஆர்மோனியக்காரர் மேடையிலேயே அமர்ந்திருக்கிறார். பிடிக்காத ரசிகர்கள் வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டு, தர்க்கம் தொடங்கும் நேரத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.