மோட்டார் சைக்கிளை விற்ற பிள்ளை

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கு ஆகாயப் படையில் சேர்ந்து விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசை. இரண்டு மாதம் முன்பு கண் டாக்டர், "தூரப் பார்வை கொஞ்சம் குறைவு, கண்ணாடி போட வேண்டும்" என்றார். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ உள்ளூர, 'அப்பாடா, இனி இந்தப் பேச்சு அடங்கும்' என்று ஒரு நிம்மதி! பெற்ற பிள்ளைக்குப் பார்வை குறைந்ததற்குச் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் என் அண்ணாவின் பழைய தபால்தலை ஆல்பத்தைப் புரட்டிக் கொண்டிருந்தவன், ஒரு தபால்தலையை என்னிடம் நீட்டினான். 1998-ல் நம் தபால் இலாகா வெளியிட்டது. இந்திரலால் ராய் என்று பெயர்.

"யாருடா இது?" என்றேன்.

"முதல் உலகப் போர்ல சண்டை விமானம் ஓட்டினவரும்மா. இவரையும் கண்ணு சரியில்லேன்னு முதல்ல தள்ளிட்டாங்க, தெரியுமா?"

சுருக்கென்றது. அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

இந்திரலால் 1898 டிசம்பர் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தவர். வீட்டில் செல்லப் பெயர் லாடி. அம்மாவுடனும் உடன் பிறந்தவர்களுடனும் லண்டனில் வளர்ந்து, அங்கே செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். போர் நடந்து கொண்டிருந்தபோது விமானப் படைக்கு மனுப் போட்டார். பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் விடவில்லை. ஆசையாய் வைத்திருந்த மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் நிபுணர் ஒருவரிடம் காட்டி, பார்வை சரியாக இருக்கிறது என்று சொல்ல வைத்தாராம்! 1917-ல் படையில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கால விமானம் எப்படி இருக்கும் தெரியுமா? மரச்சட்டம், மேலே துணி, தலைக்கு மேல் மறைப்பில்லாத இருக்கை. விமானம் தீப்பிடித்தால் குதிக்கப் பாரசூட்கூட இங்கிலாந்து தன் விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. இதைப் படித்தபோது என் வயிறு கலங்கிவிட்டது.

பத்தொன்பது வயது முடிந்த நாலாம் நாள், 1917 டிசம்பர் 6-ந் தேதி, பிரான்ஸில் இவருடைய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டுவிட்டார்களாம். நினைவு திரும்பி, உள்ளேயிருந்து கதவைத் தட்டினார் என்று சொல்கிறார்கள். பிழைத்தது மறுபிறவி! இனி விமானம் ஓட்டத் தகுதியில்லை என்றார்கள் டாக்டர்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபடி பையன் என்ன செய்தார் தெரியுமா? விமானங்களாகப் படம் வரைந்து கொண்டிருந்தார்! உடம்பு தேறியதும் மன்றாடித் தகுதி வாங்கி, 1918 ஜூனில் மறுபடியும் போர்முனைக்குப் போய்விட்டார்.

அந்த ஜூலையில் 13 நாட்களுக்குள் 10 விமானங்களை வீழ்த்தியதாக அவர் கணக்கு. அதில் இரண்டு, மற்றவர்களோடு சேர்ந்து வீழ்த்தியவை. ஒரே நாளில், நாலு மணி நேரத்தில் மூன்று! அந்த விமானங்களில் இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்றும் தோன்றியது. 22-ந் தேதி பிரான்ஸில் கார்வென் ஊருக்கு மேலே ஜெர்மன் விமானங்களோடு நடந்த சண்டையில் இவர் விமானமும் விழுந்தது. இந்தத் தடவை கதவைத் தட்ட யாரும் இல்லை. இருபது வயதுகூட நிறையவில்லை. நவம்பர் 11-ல் போரே முடிந்துவிட்டது. நாலு மாதம், நாலே மாதம் பொறுத்திருந்தால்!

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், 'டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ்' பதக்கம் அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் இவர்தான்.

எனக்கு நினைவெல்லாம் அந்த அம்மாவிடமே போய் நின்றது. பெயர் லலிதா ராய். வங்காளிகள் லோலிதா என்பார்கள். சாமான்யப் பெண்மணி இல்லை. 1911-ல் லண்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த மாபெரும் ஊர்வலத்தில், புடவை கட்டிக் கொண்டு போன இந்தியப் பெண்களில் இவரும் ஒருவர். போர் நடந்தபோது இந்தியச் சிப்பாய்களுக்காக நிதி திரட்டியவர். மூத்த மகன் பரேஷ்லாலும் போருக்குப் போனார். அவர் உயிரோடு திரும்பி, பிற்காலத்தில் இந்தியாவில் குத்துச் சண்டையை வளர்த்தார். இளையவர் மட்டும் பிரான்ஸில் எஸ்தவெல் என்ற சிற்றூரின் இடுகாட்டில் தங்கிவிட்டார். அந்தக் கல்லறையில் வங்காள எழுத்திலும் பொறித்திருக்கிறார்களாம். கண் காணாத தேசத்தில் தாய்மொழியாவது துணைக்கு இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

பிணவறையிலிருந்து மீண்டு வந்த பிள்ளை மறுபடியும் புறப்பட்டபோது, அந்தத் தாய் "போகாதே" என்று கையைப் பிடித்திருப்பாளா? பிடித்தாலும் நின்றிருப்பாரா? மோட்டார் சைக்கிளை விற்றவராயிற்றே!

படித்து முடித்த அன்று ராத்திரி என் மகனிடம், "கண்ணாடின்னு சொன்னப்போ நான் சந்தோஷப்பட்டேண்டா" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. உன் முகத்தைப் பார்த்தேனே" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

என் பயம் போய்விடவில்லை, சகோதரிகளே. ஆனால் என் பயத்துக்கு அவன் கண்ணைச் சாக்காக வைத்துக் கொள்வது நியாயமில்லை என்று மட்டும் புரிந்தது. வருகிற திங்கட்கிழமை வேறொரு கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நானேதான் அழைத்துக் கொண்டு போகப் போகிறேன்.