கல்லுக்குள்ளே ஒரு கடல்

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் எங்க ஹாலில் பழைய பேப்பர் விரித்தாகிவிடும். நாத்தனார் பையனும் அவன் சிநேகிதர்களும் அரியலூர் பக்கம் புதுசாய்க் கிடைத்த ஃபாசில்களைப் பரப்பி, "அடேயப்பா, இது எங்கேடா அகப்பட்டது?" என்று கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட், கல்லாய்ப் போன சிப்பி, சுறாப் பல்! சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். நேபாளத்துக் கண்டகி நதிச் சாளக்கிராமத்தில் தெரிகிற சக்கரமும் அம்மோனைட்டின் அச்சுதான் என்றதும், என் மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்!

உங்க வீட்டுப் பிள்ளை இப்படிக் கல் கொண்டுவந்தால் வீசிவிடாதீர்கள். பளபளக்கட்டுமென்று புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். இவற்றில் பல சுண்ணாம்புக்கல். புளிப்பு பட்டால் அரித்து, அழகான வரியெல்லாம் போய்விடும். பச்சைத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கிடைத்த இடம், தேதி எழுதிய சீட்டு கூடவே இருக்கணும். சீட்டு இல்லாத கல்லை வைத்து ஆராய்ச்சிக்காரர்கள் என்னத்தைச் சொல்வார்கள், பாவம்!

ஆனால் ஒன்று. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு. இரண்டும் தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கே கண்ணால் பார்ப்பதோடு சரி, ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.