வேலையிட விபத்தில் ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு யார் பணம் தருவது?

"வேலையிட விபத்தில் ஊழியர் மரணம்." இப்படி ஒரு செய்தியைப் படிப்போம், வருத்தப்படுவோம், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் இப்படி 43 பேர் உயிரிழந்தனர். அவர்களை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் கேள்விகள் அதன் பிறகுதான் தொடங்குகின்றன.

தவறு யாருடையது?

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். "அவர்தானே பாதுகாப்பு வாரைப் போடல, அப்புறம் எப்படிக் காசு கொடுப்பாங்க?"

கொடுப்பாங்க. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்ததா என்பதுதான் கேள்வி. முதலாளி ஏற்பாடு செய்த லாரியில் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துகூட இதில் அடங்கும். ஆனால் குடிபோதைதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்று நிரூபிக்கப்பட்டால் கதை வேறு.

எவ்வளவு கிடைக்கும்?

ஊழியரின் சராசரி மாத வருமானத்தை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதும் அதற்குக் கீழும் என்றால் அந்த எண் 136. வயது கூடக்கூட அது குறையும். 66 வயதும் அதற்கு மேலும் என்றால் 48.

அப்படி வரும் தொகைக்கு அடியும் உண்டு, உச்சமும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்குக் குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 269,000 வெள்ளி. அதற்கு முன் அது 76,000 வெள்ளிக்கும் 225,000 வெள்ளிக்கும் இடைப்பட்டதாக இருந்தது. விபத்து நடந்த தேதிதான் கணக்கு.

32 வயது ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

மாதம் 1,000 வெள்ளி சம்பாதித்திருந்தால் குடும்பத்துக்கு 136,000 வெள்ளி.

600 வெள்ளி என்றால் கணக்குப்படி 81,600தான் வரும். ஆனாலும் 91,000 கொடுக்கவேண்டும்.

2,500 வெள்ளி என்றால் 340,000 வரும். கிடைப்பதோ 269,000.

கவனியுங்கள், அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஓவர்டைம் பணமும் சேரும். கட்டுமானத் துறையில் பலருக்கும் அதுவும் ஒரு முக்கிய வருமானம்தானே! அதனால் சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஊரில் இருக்கும் வீட்டாருக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பி வையுங்கள்.

குடும்பம் வெளிநாட்டில் இருந்தால்?

தடையில்லை. இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்த மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் தமிழ்நாட்டில் இருந்தாலும் பங்களாதேஷில் இருந்தாலும் உரிமை உண்டு. ஆனால் அது ஒரே தொகை. எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்படும்.

வழக்குப் போடலாமா?

போடலாம். நீதிமன்றத்தில் உச்சவரம்பு கிடையாது. ஆனால் முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பதை நீங்கள் நிரூபிக்கவேண்டும். வழக்கறிஞர் செலவும் உண்டு. சட்டப்படி இழப்பீடு, வழக்கு, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கமுடியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசிக்கவேண்டிய இடம் இதுதான்.

யாருக்குப் பொருந்தாது?

சுயதொழில் செய்வோருக்கும் இல்லப் பணிப்பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. பணிப்பெண்களுக்கு முதலாளி குறைந்தது 60,000 வெள்ளிக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுக்கவேண்டும். உணவு விநியோகிப்போர், தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு.

முதலாளியிடம் காப்புறுதி இல்லையென்றால்?

உடலுழைப்பு ஊழியர் அனைவருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி காப்புறுதி எடுத்தாகவேண்டும். மற்ற ஊழியர்களில் 2,600 வெள்ளி வரை சம்பாதிப்போருக்கும் அது கட்டாயம். எடுக்காதவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காப்புறுதி எடுக்கவில்லை என்பதற்காக இழப்பீடு இல்லாமல் போகாது. அப்போது அந்தப் பணத்தை முதலாளியே தன் கையிலிருந்து கொடுக்கவேண்டும்.