மேடேறும்போது எஞ்சின் தட்டுவது ஏன்?

மும்பையிலிருந்து புணே செல்லும் பழைய சாலை, கோபோலியைக் கடந்ததும் போர் காட் என்னும் மலைவழியில் கண்டாலாவை நோக்கி ஏறத் தொடங்குகிறது. சமவெளியில் அமைதியாக வந்த கார், இங்கே ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் தகரக் குவளையில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போல ஒலி எழுப்புவதுண்டு. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் அதைக் கேட்டுக் கலங்கிப் பட்டறைக்குச் சென்றால், "எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்" என்று தீர்ப்புக் கிடைப்பது அரிதன்று. மொழியோ அரைகுறை, மறுத்துக் கேட்கத் துணிவு வருவதில்லை. ஆயின் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அவ்வோசை எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிவது இன்றியமையாதது. அதனை அறியக் காதும் காலும் போதும்.

பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் பொறி எரிவாயுக் கலவையைப் பற்றவைக்க, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கால் சிலிண்டருக்குள் கலவை மிகுதியாகப் புகுகிறது. அழுத்தமும் வெப்பமும் உயர்கின்றன. அப்போது தீ வந்து சேருமுன்பே கடைக்கோடியிலுள்ள கலவை தானாகவே வெடித்துவிடின், அதிலெழும் அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவரை மணிபோல் அதிரச் செய்கின்றன. நாம் கேட்பது அவ்வதிர்வையே. உறுப்புகள் தளர்ந்து மோதும் ஒலியன்று அது. எனினும் நெடுநாள் பொறுத்திருத்தலும் ஆகாது. பிஸ்டனின் தலை அரிக்கப்படும், ரிங்குகள் அமர்ந்துள்ள விளிம்புகள் உடையும்.

இதற்கு முதல் மருந்து செலவில்லாதது. மேட்டில் உயர்ந்த கியரிலேயே வண்டியை இழுக்காமல், ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். ஓசை நின்றுவிடுமாயின் குற்றம் பெரும்பாலும் ஓட்டும் முறையில்தான். நில்லாவிடின் அடுத்து எரிபொருளைக் கவனிக்க வேண்டும். தட்டலைத் தாங்கும் ஆற்றலை ஆக்டேன் எண்ணால் அளப்பர். 95, 100 என்னும் உயர்ந்த எண்ணுடைய பெட்ரோலும் பெருநகரங்களில் கிடைக்கிறது. வண்டியின் கையேடு எந்த எண்ணைக் கேட்கிறதோ அதற்குக் குறையாமல் நிரப்புக. கையேடு கேளாதபோது விலை மிகுந்ததை வாங்கி ஊற்றுவதில் பயன் சிறிதே. ஒரு காலத்தில் தட்டலை அடக்கப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்ட வழி அது. ஈயம் நஞ்சாதலால் 2000-ஆம் ஆண்டில் நம் நாடு அதனை விலக்கிவிட்டது.

அடுத்தவை வெப்பமும் கரியும். தில்லியின் மே, ஜூன் மாதங்களில் மட்டும் தட்டும் வண்டிக்கு, ரேடியேட்டரின் நீர்மட்டமும் விசிறியும் முதலில் பார்க்கத்தக்கவை. நகருக்குள் சிறுதொலைவு மட்டுமே ஓடும் வண்டியில் கரி படியும். அக்கரி வெந்து கனன்று, பொறிக்கு முன்னரே தீயை மூட்டுவதும் உண்டு. பொருந்தாத பிளக்கும் இதே வேலையைச் செய்யும். பழைய கார்பரேட்டர் வண்டியாயின் பொறியின் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். இக்கால வண்டிகளில் எஞ்சின் உடலில் பொருத்திய உணர்கருவி தட்டலைக் கேட்டதும் கணினி பொறியைச் சற்றுப் பிந்தச் செய்கிறது. அதனால் ஓசை கேளாமலே இழுவை குன்றி, பெட்ரோல் செலவு கூடுவதுண்டு. கருவியோ அதன் கம்பியோ பழுதானால் முகப்பில் எஞ்சின் விளக்கு எரியக்கூடும்.

இனி, அஞ்சத்தக்க ஓசை ஒன்று உண்டு. கனத்த சுத்தியால் மரத்தில் அடிப்பதுபோல் அடியிலிருந்து எழுவது அது. நின்ற வண்டியை நியூட்ரலில் வைத்து வேகம் கூட்டினும் அது கேட்கும். எஞ்சின் சூடேறச் சூடேற வலுக்கும். கனெக்டிங் ராடின் பியரிங் தேய்ந்ததற்கு அறிகுறி இதுவே. ஆயில் விளக்கும் உடன் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துக. மேலும் ஓட்டினால் ராடு முறிந்து எஞ்சினையே துளைத்துவிடலாம். வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லும் கூலி அந்த இழப்பின் முன் அற்பம். இத்தகைய வண்டிக்கே எஞ்சினைப் பிரிக்கும் தீர்ப்புப் பொருந்தும்.

காலையில் மட்டும் தட்டி, எஞ்சின் சூடேறியதும் மறையும் ஒலி பெரும்பாலும் பிஸ்டன் சற்றுத் தளர்ந்ததால் வருவது, உடனடி ஆபத்தில்லை. புகைக்குழாய்மேல் உள்ள வெப்பத் தகடு தளர்ந்தாலும் கலகலக்கும். ஒரு போல்ட்டை முறுக்கினால் அடங்கிவிடும். எஞ்சினின் மீது பழி போடுவதற்கு முன் அதையும் ஒரு முறை பார்ப்பது நன்று.

பட்டறையில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், குறிகளைச் சொல்லுங்கள். இந்தி வழங்கும் ஊர்களில், மேட்டில் ஒலி வருகிறது என்பதற்குச் 'சடாயி பர் ஆவாஜ்' என்றும், காலை எடுத்தால் நிற்கிறது என்பதற்குப் 'பைர் உட்டானே பர் பந்த்' என்றும் சொன்னால் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கேட்பதாயின் 'டண்டா' என்றும், சூட்டில் கேட்பதாயின் 'கரம்' என்றும் ஒரு சொல் சேர்த்துக்கொள்க. பிறகு மெக்கானிக்கைப் பக்கத்தில் அமர்த்தி, அதே மேட்டில் அதே கியரில் ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள்.