சுந்தரவனத்து ஆட்கொல்லிப் புலிகள்: துப்பாக்கியால ஏன் தீர்க்க முடியல?

ஆட்கொல்லிப் புலின்னு சொன்னதும் நம்மில் பல பேருக்கு நினைவுக்கு வர்றவர் ஜிம் கார்பெட். 1907ல சம்பாவத் புலியை அவர் சுட்டப்போ அது கொன்னதா எழுதப்பட்ட கணக்கு 436 பேர். கிட்டத்தட்ட 300 ஊர்க்காரங்களை மலைமுகட்டுல நிறுத்தி, தகரம் தட்டவிட்டு, கத்தவிட்டு, புலியைக் கீழே கிளப்பித்தான் அவரால அதைச் சுட முடிஞ்சது. அதுக்கப்புறம் பல வேட்டைகள்ல அவர் செஞ்சது, புலி தின்னு மிச்சம் வெச்ச இரைக்குப் பக்கத்துல மரத்துல ஏறி உட்கார்ந்து, அது திரும்பி வரும்னு காத்திருக்கிறது. தடம் பார்க்கணும், இரையைக் கண்டுபிடிக்கணும், பரண் கட்டணும், பொறுமையா இருக்கணும். ஆட்கொல்லி வேட்டைன்னா இதுதான்னு அவரைப் படிச்சவங்க மனசுல பதிஞ்சுபோச்சு.

இன்னிக்கு நாம போகப்போற காட்டுல இதுல எதுவுமே சரிப்பட்டு வராது.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூணும் வங்காள விரிகுடாவுல சேர்ற இடம், சுந்தரவனம். மொத்தம் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். அதுல 6,000 போல பங்களாதேஷ்ல இருக்கு, மீதி நம்ம மேற்கு வங்கத்துல. உலகத்துலயே பெரிய அலையாத்திக் காடு இதுதான். பிச்சாவரம், முத்துப்பேட்டை பக்கம் படகுல போனவங்களுக்கு இந்தக் காட்டோட வாசனையும் சேறும் ஓரளவு தெரிஞ்சிருக்கும். நம்ம தில்லை மரம் அங்கேயும் உண்டு, அங்கே அதை கேவான்னு சொல்றாங்க. அதோட பால் கண்ணுல பட்டா என்ன ஆகும்னு சிதம்பரம் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளையை ஒடிச்சு வழி பண்ணிக்கிட்டுப் போற வேட்டைக்காரனுக்கு அதுவே முதல் ஆபத்து.

அடுத்தது தரை. சுந்தரி மரத்தோட மூச்சுவேர் சேத்துக்கு மேல வரிசையா, கூர்மையா நீட்டிக்கிட்டு நிற்கும். காலைப் பார்த்து வெச்சா காட்டைப் பார்க்க முடியாது. காட்டைப் பார்த்து நடந்தா பாதம் கிழியும். நடுவுல ஹெந்தால்னு ஒரு ஈச்ச வகை, ஆள் உயரத்துக்கு மேல புதர் புதரா வளரும். பழுத்த ஓலையும் நிழலும் கலந்த அந்தப் புதருக்குள்ள புலி உட்கார்ந்தா பத்தடி தூரத்துல நின்னாலும் தெரியாது.

ஆனா வேட்டைக்காரனை உண்மையிலேயே தோற்கடிக்கிறது கடல்தான். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி ஏறும், ரெண்டு தடவை வத்தும். காலையில சேத்துல பதிஞ்ச புலித்தடத்தை மத்தியானம் போய்த் தேடினா இருக்காது. புலி ஒருத்தரை அடிச்சுட்டா, கூட வந்தவங்க கம்பு, கோடாலியோட கூட்டமா கத்திக்கிட்டே போய் உடலை மீட்கப் பார்ப்பாங்க. அடக்கமோ தகனமோ பண்ணணும் இல்லையா? மீட்க முடியலன்னா, பல சமயம் அடுத்த ஏத்தத்துல தண்ணியே கொண்டுபோயிடும். அப்போ புலி திரும்பி வர்றதுக்கு இரை எங்கே? பரண் கட்டி யாருக்காகக் காத்திருக்கிறது? புலியும் அங்கேயே இருக்கப்போறதில்லை. ஆத்தை நீந்தி இந்தத் தீவுல இருந்து அந்தத் தீவுக்குப் போயிடும். சுந்தரவனப் புலிக்கு நீச்சல் அன்றாட நடை.

நம்ம ஊர்ல நடந்ததோட ஒப்பிட்டா இது இன்னும் நல்லாப் புரியும். 2021ல மசினகுடி, கூடலூர் பக்கம் டி23 புலியை மூணு வாரம் தேடினாங்க. கும்கி யானை வந்தது, மோப்ப நாய் வந்தது, டிரோன் பறந்தது, காடு முழுக்க கேமரா வெச்சாங்க. சென்னை உயர் நீதிமன்றம் உடனே கொன்னுடாதீங்கன்னு சொல்ல, கடைசியில அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோட பிடிச்சாங்க. இத்தனை வசதியோட, காய்ஞ்ச தரையில, மூணு வாரம். சுந்தரவனத்துச் சேத்துல யானை இறங்க முடியாது. மோப்பம் தண்ணியில கலைஞ்சுடும். மயக்க ஊசி பட்ட புலி ஓடையில இறங்கிட்டா மூழ்கிச் செத்துடும்.

அப்போ முன்னாடி அங்கே புலியைச் சுட்டவங்க எப்படிச் சுட்டாங்க?

இங்கேதான் நான் ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். பேரு பச்சாப்தி காஜி. இப்போ பங்களாதேஷ்ல இருக்கிற சாத்கிரா மாவட்டம், ஷ்யாம்நகர் பக்கம், காட்டோரம் ஸோரான்னு ஒரு கிராமம். 1924ல பிறந்தவர். அப்பா, தாத்தா எல்லாரும் வேட்டைக்காரங்க. 1941ல, 17 வயசுல, கோல்காலிங்கிற இடத்துல முதல் புலியைச் சுட்டார். கையில இருந்தது அப்பாவோட இரட்டைக்குழல் துப்பாக்கி, குழல் வாயில மருந்து கெட்டிக்கிற வகை. எப்பவும் ஈரம் சொட்டுற காட்டுல அதை நம்பி உள்ளே போகணும். மருந்து நமுத்துப்போனா துப்பாக்கி வெறும் இரும்புக் கம்பி. ரெண்டு குண்டும் குறி தப்பினா மறுபடி கெட்டிக்கிற வரைக்கும் புலி காத்துக்கிட்டிருக்காது. தன் வாழ்நாள்ல அவர் 57 புலிகளைச் சுட்டார்னு சொல்றாங்க.

தடம் இல்லாத காட்டுல அவர் பயன்படுத்தினது சத்தம். பெண் புலி மாதிரி குரல் கொடுத்து ஆண் புலியை வரவழைப்பார். இதை வேற வேட்டைக்காரங்களும் செஞ்சிருக்காங்க. ஆனா அவர் இன்னொண்ணும் செஞ்சார். மரம் வெட்டுற சத்தத்தை எழுப்புவார், ஓலை அறுக்கிற சத்தத்தை எழுப்புவார். இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மனுஷனைத் தின்னு பழகின புலிக்கு, கோடாலி விழுற சத்தம் கேட்டா அங்கே ஆள் இருக்குன்னு தெரியும். குனிஞ்சு வேலை செய்யிற ஆள், முதுகைக் காட்டிக்கிட்டிருக்கிற ஆள். பயந்து ஒதுங்க வேண்டிய சத்தத்தை நோக்கி அது நடந்து வரும். அதாவது இரையாகப்போற ஒரு விறகுவெட்டியா காஜி தானே போய் உட்கார்ந்தார். எனக்கு கார்பெட் மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா துணிச்சல்னு பார்த்தா இந்த வங்காள கிராமத்துக்காரரை ஒரு படி மேலேதான் வைப்பேன்.

சரி, இத்தனை புலியைச் சுட்டும் ஆட்கொல்லி தீர்ந்ததா? இல்லை.

கார்பெட் பார்த்த ஆட்கொல்லிகள்ல பலதுக்கு உடம்புல ஏதோ ஒரு குறை இருந்தது. குண்டுக் காயம், முள்ளம்பன்றி முள், உடைஞ்ச பல், இல்லேன்னா முதுமை. அதைச் சுட்டா அந்த ஊர்ப் பிரச்சினை முடியும். சுந்தரவனத்துல நல்ல திடமான புலியே ஆளைத் தூக்குது. இது புதுசும் இல்லை. 1660கள்ல வங்காளத்துக்கு வந்த பிரெஞ்சுப் பயணி பெர்னியே, இங்கே ராத்திரி படகுல தூங்குறவங்களைப் புலி நீந்தி வந்து தூக்கிட்டுப் போகும்னு எழுதி வெச்சிருக்கார். ஏன் இப்படி? 1971ல ஹூபர்ட் ஹெண்ட்ரிக்ஸ்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர், உப்பு அதிகமான தண்ணியைக் குடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு சொன்னார். அது உறுதியா நிரூபணம் ஆகலை. எனக்குப் பட்ட காரணம் இதைவிட எளிமையானது. இந்தக் காட்டுக்குள்ள நிரந்தரக் குடியிருப்பு கிடையாது. மனுஷன்னா வெளியில இருந்து வர்றவன். தேனுக்காக, மீனுக்காக, நண்டுக்காக, விறகுக்காக, குனிஞ்சபடி, புதர் ஓரமாவே வர்றவன்.

1972ல இந்தியாவுல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே பங்களாதேஷ்லயும் அது மாதிரி சட்டம் வந்தது. இந்தியாவோட புலித் திட்டத்துல முதல்ல அறிவிச்ச 9 காப்பகங்கள்ல சுந்தரவனமும் ஒண்ணு. சுடுறது நின்னது, வேற வழி தேட வேண்டியதாச்சு.

1980கள்ல மேற்கு வங்க வனத்துறை செஞ்ச வேலைகள் ரொம்பவே சுவாரசியமானவை. களிமண்ணால ஆள் உயர பொம்மை செஞ்சாங்க. மீனவர் மாதிரி ஒண்ணு, தேன் எடுக்கிறவர் மாதிரி ஒண்ணு. மனுஷ வாடை வரணும்னு யாரோ உடுத்திக் கழட்டின துணியையே அதுக்குப் போட்டாங்க. சுத்தி கம்பி கட்டி பேட்டரியோட இணைச்சாங்க. பாய்ஞ்ச புலிக்கு ஷாக் அடிக்கும், மனுஷனைத் தொடக்கூடாதுன்னு கத்துக்கும்னு எதிர்பார்த்தாங்க. 1986ல முகமூடி வந்தது. புலி பின்னாடி இருந்துதான் தாக்கும், அதனால பின்மண்டையில ஒரு மனுஷ முகம், வெளுத்த நிறம், மெல்லிசு மீசை. முதல் மூணு வருஷம் முகமூடி போட்ட யாரையும் புலி தாக்கலை, அதைப் போடாதவங்க செத்தாங்க. ஆனா நாளாக ஆக புலி அந்தப் பொய் முகத்தையும் கண்டுபிடிச்சதுன்னு அங்கே வேலை செய்யிறவங்க சொல்றாங்க.

அதுக்கப்புறம் வந்ததுல நிஜமா பலன் கொடுத்தது ரெண்டு. ஒண்ணு, காட்டுக்கும் ஊருக்கும் நடுவுல கட்டின நைலான் வலை. இன்னொண்ணு, பங்களாதேஷ் கிராமங்கள்ல உருவான தன்னார்வக் குழுக்கள். ஊருக்குள்ள வந்த புலியை அடிச்சுக் கொல்லாம காட்டுக்கே திருப்பி விரட்டுறது அவங்க வேலை. இதனால ஊருக்குள்ள சாவு குறைஞ்சது, புலிக்கும் மனுஷனுக்கும்.

இப்போ சாவு நடக்கிறது பெரும்பாலும் காட்டுக்குள்ள. அங்கே ஏன் போறாங்கங்கிறதுதான் கேள்வி. 2009ல ஐலா புயல் கரையை உடைச்சு வயல்ல உப்புத்தண்ணியை நிரப்பிட்டுப் போச்சு. நெல் போட்ட கை நண்டுத்தூண்டிலைப் பிடிச்சது. காட்டுக்குள்ள போக வேண்டிய படகு லைசென்ஸ் எண்ணிக்கை குறைவு. இல்லாதவங்க வாடகைக்கு எடுக்கிறாங்க, அதுவும் முடியாதவங்க திருட்டுத்தனமா உள்ளே போறாங்க. அப்படிப் போய்ப் புலி அடிச்சா, கேஸ் வரும்னு பயந்து குடும்பமே சாவை மறைக்குது.

அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கும்பிடுற தெய்வம் போன்பீபி. அவளைப் பத்தின கதையில, பையனைக் கொடுத்தா தேனும் மெழுகும் தர்றேன்னு புலி உருவத்துல இருக்கிற தக்கிண ராய் சொன்னதும், தோனாங்கிற வியாபாரி, ஒரு ஏழை விதவையோட மகன் துக்கேயைத் தீவுல விட்டுட்டு வந்துடுவான். போன்பீபி வந்து அந்தப் பையனைக் காப்பாத்துவா. இந்தப் பிரச்சினையை எந்த அறிக்கையையும்விட இந்தக் கதை சரியாப் புரிஞ்சு வெச்சிருக்குன்னு நான் நம்புறேன். தேன் ஒருத்தருக்கு, புலி இன்னொருத்தருக்கு.

துக்கேவோட அம்மா மாதிரி ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே இன்னிக்கும் இருக்காங்க. புலி விதவைகள்னு அவங்களுக்குப் பேரு. பங்களாதேஷ் பக்கம் சில ஊர்ல 'புருஷனைத் தின்னவ'ன்னு ஒதுக்கி வைக்கிறாங்க. நம்ம பக்கம், புருஷன் தடை செய்த பகுதிக்குள்ள செத்தான்னு சொல்லி நஷ்ட ஈட்டை மறுத்தாங்க. அண்மை வருஷங்கள்ல கல்கத்தா உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட சில பெண்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கு. ஒவ்வொருத்தரும் கோர்ட் படி ஏறித்தான் வாங்கணும்ங்கிற நிலை மாறணும். செத்த இடத்தைப் பார்க்காம எல்லாருக்கும் கொடுக்கணும்.

நீங்க சுந்தரவனம் போறதா இருந்தா ஒரு வேண்டுகோள். கொல்கத்தாவுலயே எல்லாத்தையும் பேசி முடிக்காதீங்க. கேனிங் வரைக்கும் ரயில்ல போய், கோசாபா பக்கத்து கிராமத்துக்காரங்க படகையும், அந்த ஊர் வழிகாட்டியையும், அந்த ஊர்ச் சாப்பாட்டையும் தேடிப் பிடிங்க. சுற்றுலாப் படகு ஓட்டி வீட்டுக்குக் காசு கொண்டுவர்ற ஒருத்தருக்கு, அந்த மாசம் நண்டு பிடிக்கக் காட்டுக்குள்ள போகவேண்டிய அவசியம் இருக்காது.